ரூட்டர் கோஷ்டி

நெட்வொர்க்கிங்கில் இருப்பதிலேயே பெரிய பரீட்சைக்குப் படிக்கப்போகிறேன் என்று என் மருமகள் விஷ்ணுப்ரியா அறிவித்த வாரமே எங்கள் கூடத்தில் ஆறு பழைய ரூட்டர்கள் வந்து இறங்கின. ஆறும் சேர்ந்து போடும் இரைச்சலில் ரேணிகுண்டாவில் இறங்க வேண்டிய விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிடும். பொய்யில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

விஷயம் விளையாட்டல்ல. அவளுடைய கம்பெனி திருப்பதி ஆபீஸைச் சுருக்குகிறது. அந்தச் சான்றிதழை வாங்குகிறவர் இங்கிருந்தபடியே டீமை நடத்தலாம். இல்லையென்றால் புனே. என் பிள்ளை பார்த்தாவோ கோவிந்தராஜ ஸ்வாமி கோயில் கோஷ்டியில் நாலு பேரோடு சேர்ந்து தினமும் பிரபந்தம் ஓதி சேவிக்கிறவன். கோஷ்டியைச் சுருட்டி புனேவுக்கு எடுத்துப்போக முடியுமா? அவள் அங்கே, அவன் இங்கே என்றாகிவிடும். மாதக் கடைசி வெள்ளிக்குள் பரீட்சைக்குத் தேதி பதிவு செய், இல்லாவிட்டால் மாற்றலுக்குக் கையெழுத்துப் போடு என்று மேனேஜர் வெங்கடரமணன் சொல்லிவிட்டார்.

படிப்புத் திட்டம் போட்டவன் பார்த்தா. அவனுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான், சந்தை. குரு ஓரடியை ஒரு தரம் சொல்வார், சிஷ்யன் இரண்டு தரம் திருப்பிச் சொல்வான். பிரபந்தப் பாசுரம் நாலாயிரமும் அவனுக்கு அப்படித்தான் ஏறியது.

"ரூட்டருக்கு மட்டும் வேற வழியா? நான் சொல்றேன், நீ ரெண்டு தரம் சொல்லு" என்றான்.

"கமாண்ட் எல்லாம் மனப்பாடம் ஆயிடுத்துன்னா பரீட்சையில நேரம் மிச்சம்தான்" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலிலிருந்து வந்த கோலத்திலேயே, திருமண் கலையாமல், "ரூட்டர் ஓஎஸ்பிஎஃப் ஒன்" என்று முதல் கமாண்டைக் கணீரென்று ஆரம்பிப்பான். அவள் இரண்டு தரம் சொல்வாள். எதிர்வீட்டுக் கிளி "ஏரியா ஜீரோ" என்று பிராணனை வாங்கியது. அலிபிரியில் மலையேறுகிறவர்கள் ஏதோ புது ஸ்தோத்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

மேனேஜர் வைத்த கெடு முடியும் வாரத்துக்கு முந்தின ஞாயிறு, விஷ்ணுப்ரியாவோடு வேலை பார்க்கும் தேன்மொழி சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவளும் அதே பரீட்சைக்குப் படிக்கிறவள்.

"இன்னாக்கா, படிச்சிக்கினு கீறியா, பாராயணம் பண்ணிக்கினு கீறியா?" என்று சிரித்தாள். விஷ்ணுப்ரியா காபி கலக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒரு கேபிள புடுங்கி வேற ஓட்டைல சொருகுங்க. எதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ரிடையரானதிலிருந்து இவ்வளவு நல்ல வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. துள்ளிக் குதித்துச் செய்தேன்.

விஷ்ணுப்ரியா வந்து பார்த்தாள். இரண்டு ரூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. ஆபீஸில் இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பவள்தான். ஆனால் இப்போது அவள் விரல் தன்னால் முதல் வரிக்குப் போயிற்று. பாதியில் தடுக்கியது. திரும்பவும் முதல் வரி. அவளுடைய காபி ஆறிப்போக, அதையும் தேன்மொழியே குடித்தாள்.

"அக்கா, மொத வரிலேந்து ஒப்பிக்கச் சொல்லி எவனும் கேக்கமாட்டான். நடுவுல எங்கனா ஒடச்சி வச்சிருப்பான். அத்த புடிக்கணும்."

விஷ்ணுப்ரியா கீபோர்டைத் தள்ளிவிட்டாள். "படிச்சுப் படிச்சு, தெரிஞ்சதும் போயிடுத்து. நான் புனேவுக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

பார்த்தாவின் முகம் தொங்கிவிட்டது. இருந்தும் விடவில்லை. "நடுவுலேர்ந்து எப்படி ஆரம்பிக்கறது? ஓரடி விட்டாலும் அபசாரம்."

"ரூட்டருக்கு என்னடா அபசாரம்? அது என்ன பெருமாளா?" என்றேன்.

தேன்மொழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமி, அந்த கான்ஃபிகரேஷன் மொத்தமும் உங்களுக்கு மனப்பாடம்தானே?"

"ஒரு எழுத்து பிசகாது."

"அப்போ ஒரே ஒரு எழுத்த நீங்களே பிசகா மாத்திட்டு கோயிலுக்குப் போங்க. என்ன மாதிரி கூட வேல செய்யறவங்க ஒடைச்சா, எங்க கை வச்சிருப்போம்னு அக்காவுக்குத் தெரிஞ்சிடும். நீங்க ஒடைச்சா தெரியாது."

பிறந்ததிலிருந்து ஓர் அட்சரம் தப்பாகச் சொல்லாதவன் திங்கட்கிழமை ஓர் எண்ணை மாற்றினான். மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை அவள் திண்டாடினாள். மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் பிடித்தாள். அதற்குள் அவனுக்கும் ருசி தட்டிவிட்டது. பாசுரத்துக்கு நடுவிலேயே எதை உடைக்கலாம் என்று யோசிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். வியாழனன்று, இரண்டு ரூட்டர்கள் குசலம் விசாரித்துக்கொள்ளும் இடைவெளியை ஒரு பக்கம் மட்டும் மாற்றி வைத்துவிட்டு, திருட்டுச் சிரிப்போடு படியிறங்கினான். அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் வாசலுக்கு வந்து, "டைமர்!" என்று ஒரு கத்தல் போட்டாள். திருமலையே அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை பரீட்சைப் பதிவைத் திறந்தாள். பெங்களூரில் மார்கழியில் ஒரே ஓர் இடம்தான் காலி.

பார்த்தா எட்டிப் பார்த்தான். "அன்னிக்கு வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள். விரதம் முடிச்சுச் சாப்பிட, துவாதசி பாரணைக்குத் தளிகை யார் பண்றது?"

"நீதான்."

"பாரணைன்னா அகத்திக்கீரை வேணுமே, எனக்கு அதை ஆயக்கூடத் தெரியாதே!"

"கத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். தேதி பதிவாகிவிட்டது.

பரீட்சைக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. அன்று சாயங்காலமே ஆய்ந்து பழகுவதற்கென்று மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை அகத்திக்கீரையோடு வந்து நின்றான் என் பிள்ளை.