சிவலட்சுமி அழுத்திய பூச்சியம்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. தாடை வலியை, எங்கள் பேச்சில் தாடைநோவை, வீட்டிலிருந்தே சமாளிக்க உதவும் கைபேசிச் செயலிகளைத் தமிழில் பயன்படுத்திப் பார்த்து மதிப்பிடும்படி ஒரு சுகாதார அமைப்பு என்னிடம் கேட்டிருந்தது. கிளிநொச்சியில் செய்தி எழுதுபவன் நான்; மருத்துவம் படித்தவன் அல்ல. மொழி தெளிவா, பயிற்சிகள் புரிகின்றனவா, தரவு பத்திரமா என்று அட்டவணை போட்டு நிரப்பினேன். ஒரு விசயம் மட்டும் எந்தக் கட்டத்துக்குள்ளும் போகவில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் பயத்தோடு.

2

முதல் தொடக்கம்: 'முரசுமோட்டைச் சிவலட்சுமி வாழ்நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே…'

வேண்டாம். போரைக் கடந்த பெண் என்றதும் பல்லைக் கடிக்க வைத்துவிடுகிறோம். [செயலிகளும் அப்படித்தான்: மனஅழுத்தம், பற்கடி, மூச்சுப் பயிற்சி.]

இரண்டாவது: முரசுமோட்டை முன்பள்ளி ஆசிரியை சிவலட்சுமி அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இடது தாடையில் நோ. செயலிகளைப் பரிசோதிக்க எனக்கு ஒருவர் தேவை. அவருக்கு நோ குறைய வேண்டும்.

இப்படியே போகலாம்.

3

நான் கூடிய புள்ளி கொடுத்த செயலி அடிக்கடி அதிர்ந்து, உதடுகளை மூடிப் பற்களை விலக்கி வைக்கச் சொல்லும். அக்காவின் கணவர் கணபதிக்கு அதில் பெரிய சந்தோசம்.

"இவ்வளவு காலமும் நான் சொல்லிக் கேக்கேல்ல. ஃபோன் சொன்னோடன வாயை மூடுறா, பாருங்கோ தம்பி."

"நோ போகுமட்டும்தான். பிறகு சேத்து வாங்குவியள்" என்றார் அக்கா.

பின்னேரங்களில், அக்கா சைக்கிளில் வீடு வந்து இறங்கும் நேரத்துக்கு, செயலி நோ பத்துக்கு எத்தனை என்று கேட்கும். அக்கா எப்போதும் பூச்சியத்தையே அழுத்துவார். திரையில் ஒரு பச்சைப் பூ விரியும். 'பயனரிடம் முன்னேற்றம்' என்று நான் குறித்துக்கொண்டேன். ஆனால் பூச்சியத்தை அழுத்தும்போது அவருடைய மற்றக் கை தாடையைத் தாங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க ஆர் வந்து கேட்டாலும் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனாங்கள். வருத்தம் எண்டா ஆசுபத்திரிக்கெண்டு தனியப் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போயிடுவினம். பிறகு ஆர் எங்க எண்டு தேடுறது?"

[அடிக்குறிப்பாகப் போகவேண்டியது: கைபேசியிடம்கூடவா என்று நான் கேட்கவில்லை. கேட்பது யார் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. கேள்வி வந்தால் பதில் அதுதான்.]

4

எண்ணை விட்டுவிட்டு வேறுவிதமாகக் கேட்டேன். சாப்பிடும்போதா நோகிறது?

"இல்லை. எதிர்காத்தில சைக்கிள் உழக்கேக்கதான். இறங்கிக் கொஞ்ச நேரம் நிண்டா விட்டிடும்."

மெல்லும்போது வராமல், உடம்பு உழைக்கும்போது வந்து, ஓய்ந்தால் போகும் தாடைநோ இதயத்திலிருந்தும் வரலாம் என்று வாசித்திருக்கிறேன். நான் பார்த்த எந்தச் செயலியும் அதைக் கேட்கவில்லை. என் அட்டவணையிலும் அதற்குக் கட்டமில்லை. பச்சைப் பூ மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் விரிந்துகொண்டிருந்தது.

5

முடிவு ஒன்று: இதயம் நல்லாயிருக்கிறது, வெறும் தசைநோ. கணபதி சிரிக்கிறார். [எனக்கு இதுதான் விருப்பம். அதனாலேயே நம்ப முடியவில்லை.]

முடிவு இரண்டு: எதிர்காற்று, வாய்க்கால் கட்டு, சரிந்து கிடக்கும் சைக்கிளின்…

எழுதமாட்டேன்.

இப்போது இருப்பது இதுதான். ஆசுபத்திரிக்கு வந்துவிட்டோம். சைக்கிள் உழக்கும்போது நோ வருவதை இங்கே சொல்லும்படி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நான் அக்காவைக் கெஞ்சினேன். அவர் கணபதியைக் காட்டித் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: "என்னை வாட்டில மறிச்சு வைச்சா இவர் எங்க நிப்பார்?"

கணபதியையும் என்னையும் விறாந்தையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். கதவு பாதி திறந்திருக்கிறது. அக்கா கதிரையில் ஆறுதலாக இருக்கிறார். ஆகவே நோ இராது. தாதி கேட்கிறார்: "இப்ப நோகுதோ அம்மா?"

'இல்லை' என்று அக்கா சொன்னால் அது பொய்யும் ஆகாது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுதுகிறவன் அவர் வாயில் எந்தச் சொல்லையும் வைக்கலாம். ஆனால் நான் வைப்பது என் பயம் தணியத்தானே தவிர, அவர் பயம் தணிய அல்ல. அக்கா திரும்பி, கணபதி நிற்கிறாரா என்று பார்க்கிறார்.

எனக்கு உள்ளே போக அனுமதியில்லை. வாசிக்கிற உங்களை யாரும் மறிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கணபதி இங்கேதான் நிற்கிறார், போகமாட்டார் என்று சொல்லுங்கள். பிறகு, சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.