கிம்பாத்தும் நாய்க்குட்டியும்

ஊல்கானுக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். அவள் பெற்ற நாலு பையன்களும் நோய்நொடி தெரியாமல் வளர்ந்து, மலைச்சரிவில் குதிரைகளோடு குதிரைகளாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு சோனுனுக்கு அப்படியே தலைகீழ். முதல் பிள்ளைக்கு துர்சுன், அதாவது 'நிலைத்திரு' என்று பெயர் வைத்தாள். நிலைக்கவில்லை. இரண்டாவதற்கு ஒல்மோஸ், 'சாகாதவன்' என்று வைத்துப் பார்த்தாள். அதுவும் நடை பழகுவதற்குள் போய்விட்டது. மரணத்துக்குக் கிர்கிஸ் பாஷை நன்றாகவே புரியும். சொன்ன பேச்சைத்தான் கேட்காது.

மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது சோனுன் வந்து ஊல்கானின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை நீங்க வாங்கிக்கணும்."

"நானே வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன். இன்னொண்ணையும் வாங்கி எங்கடி போடுவேன், தொழுவத்துலயா?"

"விளையாடாதீங்க அக்கா. உங்க வீட்டுப் படியை மட்டும்தான் அது மிதிச்சதில்ல."

'அது' எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பெயர் சொல்லிப் பேசுகிற வழக்கம் இல்லை. ஊல்கான் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

ஊல்கானுக்கு முதலில் பிறந்தது. பெண். அந்த ஈரம் காய்வதற்குள் சோனுனுக்கும் வலி எடுத்தது. ஊல்கான் பச்சை உடம்போடு போய்ப் பனியில் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். வாசல் வழியாகப் போனால் அது அந்த வீட்டுப் பிள்ளை; ஜன்னல் வழியாகப் போனால் வெறும் சரக்கு. மருத்துவச்சி நீட்டிய ஆண் குழந்தையைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு, ஒரு ஊசியையும் பாதி ரொட்டியையும் உள்ளே போட்டாள். விலை முடிந்தது. இனி அவன் நடக்கிற வரை ஊல்கானுடையவன். சோனுன் பால் கொடுக்கக் கூடாது, தூக்கக் கூடாது, மகனே என்று கூப்பிடக் கூடாது. நடந்த பிறகு அதே மாதிரி ஜன்னல் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சோனுன் உள்ளே மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வாங்கியவள்தான் பெயர் வைக்க வேண்டும். ஊல்கான் அவனுக்கு குச்சுக் என்று வைத்தாள். நாய்க்குட்டி என்று அர்த்தம். நாய்க்குட்டியைத் தேடி எவனும் மலையேறி வரமாட்டான். தன் பெண்ணுக்கோ, நாலு பையன்களுக்குப் பிறகு வந்தவள் அல்லவா, கிம்பாத் என்று வைத்தாள். விலைமதிப்பில்லாதவள்.

நாத்தனார் ஜிபேக்குக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் அண்ணி, ஒரே கூரைக்குக் கீழ ஒண்ணை நாய்ங்கிறீங்க, இன்னொண்ணைப் பொக்கிஷங்கிறீங்க. திருட வர்றவன் எதைத் தூக்குவான்?"

"என் வீட்டுக்கு எந்தத் திருடனும் வரமாட்டான், போடி."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அடுத்த குளிர்காலம் உச்சத்தில் இருந்தபோது ஊருக்குள் இருமல் வந்தது. இரண்டு தொட்டிலும் சேர்ந்து இருமின. நாய்க்குட்டிக்கு வேர்த்துக் கொட்டிச் சூடு இறங்கியது. கிம்பாத்துக்கு இறங்கவில்லை. இரும்பு மாதிரி இறுகிக்கிடந்த மண்ணை அவள் புருஷன் எசென் கடப்பாரையால் உடைத்து மகளைப் புதைத்துவிட்டு வந்தான்.

நாய்க்குட்டியைத் தேடி வந்த அது, பெயரைக் கேட்டு ஏமாந்து கிம்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊல்கானும் அப்படித்தான் நினைத்தாள். துக்கத்துக்கு வந்த சோனுன் உள்ளே வரத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றாள். அவளைப் பார்க்க ஊல்கானுக்கு வயிறு எரிந்தது. ஆனால் மார்பில் பால் கட்டி வலித்தது, குடிக்க அந்த வீட்டில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. வெறுப்போடுதான் அவனை எடுத்தாள். குடித்து முடித்து அவன் ஏப்பம் விட்டபோது அவனை இறக்கிவிட அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளுடைய உயிராகிப் போனான்.

பனி உருகி, ஓடையில் சத்தம் கேட்கத் தொடங்கிய நாளில் அவன் கம்பளத்தைப் பிடித்து எழுந்து நின்றான். கையை விட்டான். இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று விழுந்து, அவளைப் பார்த்துச் சிரித்தான். ஊல்கான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவன் தொட்டிலில் கட்டிக் கிடப்பான். சோனுன் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள்.

"அக்கா, அந்த நாய் எந்திரிச்சு நிக்குதா?"

"எங்க நிக்குது? தவழவே சோம்பேறித்தனம். வாங்கப் போறவ நீ, உனக்கு என்ன அவசரம்?"

சோனுன் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

எசென் ஒருநாள் குதிரையின் சேணத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அவன் நடக்குறான். எனக்குக் கண்ணு இருக்கு."

"இருந்தா மூடிக்குங்க."

"அந்தப் பொண்ணு பாவம் ஊல்கான்."

"நான் பாவமில்லையா?"

அவன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போனான்.

ஒரு காலை, கதவைத் திறந்துபோட்டு ஊல்கான் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். பையன் சுவரோரத்திலிருந்து விழாமல் நடந்து அவளிடம் வந்துகொண்டிருந்தான். மத்தை விட்டுவிட்டுக் கையை விரித்தாள்.

"வாடி, என் கிம்பாத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. யார் நின்று கேட்டார்களோ? ஒருத்தியை விலைமதிப்பில்லாதவள் என்று ஊரறியக் கூவிப் பறிகொடுத்தது போதாதா? பையனை வாரி மார்போடு அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டில் இவன் இனி நாய்க்குட்டி இல்லை. எத்தனை முறை நாயே என்று கூப்பிட்டாலும் அவள் குரலே அவனை அதனிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜிபேக்கைக் கூப்பிட்டு, "அவளை ஜன்னலுக்கு வரச் சொல்லு" என்றாள்.

சோனுன் ஊசியும் ரொட்டியுமாக வந்து நின்றாள். இந்த நாளுக்கென்று உள்ளூரச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அவளுக்குத் திக்கியது.

"நாய் விக்கிறீங்களாமே அக்கா?"

"விக்கிறேன். தின்னு தூங்கத்தான் லாயக்கு."

"நடக்குமா?"

ஊல்கான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பனி உருகினதுலேருந்தே நடக்குது. நான்தான் மறைச்சேன்."

"தெரியும். கதவு இடுக்குல ஒருநாள் பார்த்தேன்."

"பார்த்துட்டுமா ஒண்ணும் கேக்காம போனே?"

"எந்த வாயால கேப்பேன் அக்கா?"

சோனுன் ரொட்டியை நீட்டினாள். "என்ன விலை?"

இந்த இடத்தில் விற்கிறவள் சரக்கைத் திட்ட வேண்டும். அதுதான் பிள்ளைக்குக் காவல். திட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. அவன் அவள் ரவிக்கையை இறுகப் பிடித்திருந்தான். ஊல்கான் அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இதுக்கு விலை வேறயா? சொறி பிடிச்ச நாய். சல்லிக்காசு பெறாது. என் கண்ணுலயே முழிக்கக் கூடாது, தூக்கிட்டுப் போ" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. முத்தம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எல்லாம் வீண்.

சோனுன் அவனை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி உரக்கப் பெயர் சொன்னாள். "சத்திபால்தி. விலை கொடுத்து வாங்கினவன்." அவன் ஊல்கானை நோக்கிக் கையை நீட்டி அலறினான். வேலியைத் தாண்டி, அடுத்த வீட்டு வாசலைத் தாண்டி அந்த அழுகை போய்க்கொண்டே இருந்தது. ஊல்கானின் ரவிக்கை பாலில் நனைந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் மூலையில் இருந்த கிம்பாத்தின் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குளிர்காலத்திலிருந்து அதை யாரும் தொடவில்லை. வார்கள் கட்டினபடியே இருந்தன. அவற்றை மெல்ல அவிழ்த்தாள்.

"குச்சுக்" என்று கூப்பிட்டாள். "என் நாய்க்குட்டி. உன்னை முதல்லயே இப்படிக் கூப்பிட்டிருக்கணும்டி."