வேலையில் இருப்பவருக்கு வேலை தேடும் பயிற்சி

சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் மறுபடி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள, அரசுத் துறையும் எங்கள் தொண்டு நிறுவனமும் கைகோத்துக்கொண்டன. கோத்ததிலிருந்து இரண்டு தரப்புக்கும் வேலை செய்யக் கை இல்லாமல் போயிற்று. கூட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்று ஒருநாள் மூன்று மணி நேரம் பேசினோம். முடிவெடுக்க இன்னொரு கூட்டம் வைத்தோம்.

நான் அதில் பயிற்சியாளர். புதன்தோறும் பத்தரை மணிக்கு ஒன்பது பேருக்கு வேலை தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன். நான் கடைசியாக வேலை தேடிப் பத்தொன்பது வருஷமாகிறது. அதையும் தேடியவர் என் மாமனார்.

ஒன்பதில் ஒருவர் சாவி. பூட்டைத் திறக்க அது தேவைப்படாதவர் என்பதால் பழைய கூட்டாளிகள் வைத்த பெயர். தண்டனையில் ஏழு மாதம் மிச்சமிருக்கும்போது, நிபந்தனையின் பேரில் வெளியே விட்டிருந்தார்கள். வந்த இரண்டாம் வாரமே, யார் தயவும் இல்லாமல், ஒரு டயர் கடையில் வேலை வாங்கிவிட்டார். திட்டத்தின் முதல் வெற்றி. அதில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லாததால் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தோம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சியில் மூன்று நாள் வராவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி உள்ளே அனுப்பிவிடலாம். சாவி இரண்டு புதன் கடைக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டார். பயந்துபோய் அடுத்த இரண்டு புதன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்தார்.

"அண்ணே, கடைக்கார அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க. இன்னொரு புதன்கிழமை லீவு எடுத்தா வேற ஆள் போட்டுக்குவாங்களாம். வேலைக்குப் போனா ஜெயிலு, வேலை தேடப் போனா வேலை போயிடும். பழைய தொழில்ல இவ்வளவு குழப்பம் இல்லண்ணே."

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். எங்கள் இயக்குநர் துறையின் பக்கம் திரும்பினார். "வேலை கிடைச்சவங்களும் வந்தே ஆகணும்னு உங்க விதிதானே?"

நன்னடத்தை அதிகாரி, ஒரு சொல்லையும் வீணாக்காத அம்மா, ஒப்பந்தத்தைப் புரட்டினார். "விதி ஒன்பது. உங்க நிறுவனம் எழுதிக் கொடுத்தது."

"யார் எழுதினது?" என்றார் இயக்குநர்.

எழுதின புண்ணியவான் நான்தான். வேலை கிடைத்தவர்களைக் கழித்துவிட்டால் வகுப்பில் ஆள் இருக்காது, ஆள் இல்லாவிட்டால் பயிற்சியாளர் எதற்கு என்று கேட்பார்கள் என்று பயந்து, 'யாருக்கும் விலக்கு இல்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். என் பிழைப்புக்காக நான் தோண்டின குழியில் சாவி விழுந்து கிடந்தார்.

"மாத்தணும்னா ஆண்டு மறுஆய்வுலதான்," என்றார் இயக்குநர். அதற்கு எட்டு மாதம் இருந்தது.

"அதுக்குள்ள அவர் தண்டனையே முடிஞ்சிடும் சார்."

"அப்ப பிரச்சினையே இல்லையே."

வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை நான்கு தடவை படித்தேன். கிழமையை எழுதியிருந்தேன், நேரத்தை எழுதியிருந்தேன். வகுப்பு எங்கே நடக்கும் என்று எழுத மறந்திருந்தேன். என் மறதியை என் மனைவிகூட அதுவரை பாராட்டியதில்லை. அன்று நானே பாராட்டிக்கொண்டேன்.

அடுத்த புதன், மற்ற எட்டுப் பேரையும் வெள்ளைப் பலகையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டயர் கடையில் போய் இறங்கினேன். கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன சார் இது, ஊர்வலமா?"

"வேலை தேடற பயிற்சிம்மா."

"வேலை பார்க்கற ஒருத்தனை நிம்மதியா விட மாட்டேங்கறீங்க, தேட இவ்வளவு பேரா? ஓரமா நில்லுங்க. டயர் மேல உட்காராதீங்க."

ஓரமாக நின்றோம். 'நேர்முகத் தேர்வில் புன்னகைப்பது எப்படி' என்று பலகையில் எழுதினேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஜாக்கியில் ஏற்றிய காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சாவி நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் அந்தக் கைகளின் மேல்தான். ஒருவர் நேரே போய், வேறு வேலை ஏதாவது இருக்கிறதா என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேவிட்டார். ஏழு வாரத்தில் என் வகுப்பில் நடந்த முதல் வேலை தேடல்.

பதினொரு மணிக்கு நன்னடத்தை அதிகாரி வந்து நின்றார். எங்கள் வகுப்பறை பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, விசாரித்து வந்திருக்கிறார்.

"இங்க நடத்தக் கூடாதுன்னு விதியில இல்லைங்க மேடம்."

"நானும் படிச்சேன்." வருகைப் பதிவேட்டை வாங்கிக்கொண்டார். "இவர் பாடத்தைக் கவனிக்கிறாரா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். "இல்ல மேடம். வேலை பார்க்கறார்."

சாவி கழற்றின சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, எழுதி, மூடினார். எட்டிப் பார்த்தேன். 'வந்திருந்தார்.'

"அப்ப நான் உள்ள போக வேண்டாமா மேடம்?" என்றார் சாவி.

"மிச்ச வகுப்பும் இங்கேயே நடக்கட்டும். முதல்ல அந்த வீலை மாட்டுங்க, வண்டிக்காரர் எவ்வளவு நேரம் நிப்பார்?"