ஸ்பிரேயர் சார்ஜர்

"மன்னிச்சுக்க தம்பி. உன் பேட்டரிய நாங்க கெடுத்துட்டோம்."

ஜெயம்மாள் கருவாட்டுக் கூடைக்குள் கைவிட்டு அதைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தாள். நீல உறை போட்ட லித்தியம் பேட்டரி. ஒரு மாதத்துக்கு முன் தீனதயாளன் தன் கையால் செல் அடுக்கி, பற்றவைத்து, உறை சுருக்கிக் கொடுத்தது. இப்போது அதன் மேல் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

அவள் சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. நாங்க கெடுத்துட்டோம் என்கிறாள். அப்படியானால் நான் இல்லை. அந்த ஒரு நொடி நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவன் அதிகம் கூசினான்.

"இன்னாக்கா ஆச்சு? நாலு சந்தையா ஆளையே காணோம்."

"கடல்ல வச்சு பட்டுனு நின்னு போச்சு தம்பி. ஜி.பி.எஸ்., வயர்லெஸ், மீன் பாக்குற மெஷின், லைட்டு, எல்லாம் ஒண்ணா. வூட்டுக்குத் திரும்புற நேரம். மழ மூட்டம் வேற. கரை எந்தப் பக்கம்னே தெரியாம டீசல் தீர்ற மட்டும் ஓட்டியிருக்காங்க. நாலு ஆம்பளைங்க. மறுநாள் பத்து மணிக்கு பரங்கிப்பேட்டைக்கு நேரா எவனோ ஒரு புண்ணியவான் பாத்து கட்டி இழுத்தாந்தான்."

தீனதயாளனின் விரல் கயிற்று முடிச்சில் நின்றது.

"சார்ஜ் போடுறது எங்க வூட்டுக்காரர் பொறுப்பு. அவரு ஒழுங்கா போடலன்னு போட்ல இருந்து எறக்கி வுட்டுட்டாங்க. இருவது வருசமா பங்கு இருக்கிற போட்டு. இப்ப கரையில குந்திகினு மத்தவன் வலையில மீன் கழட்டுறாரு. போட்டேன், போட்டேன்னுதான் சொல்றாரு. யாரு நம்புறா? நானே நம்பல. நடுத்தெருவுல நிக்க வச்சு செருப்பக் காட்டிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேட்டரிக்கு உசுரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவன் சோதனை மீட்டரின் இரண்டு வயர்களையும் மாட்டினான். எண்கள் ஓட ஆரம்பித்தன. அந்த எண்கள் என்ன சொல்லப்போகின்றன என்பது அவனுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பது?

கச்சிராயபாளையம் சாலையில் அவன் கடை. வடக்கனந்தல் பக்கத்துப் பருத்திக்காரர்களும் மக்காச்சோளக்காரர்களும் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் ஸ்பிரேயர் பேட்டரிக்கு அவனிடம்தான் வருவார்கள். வெள்ளிமலை, கரியாலூர் ஆட்கள் சோலார் விளக்குக்கு வருவார்கள். பத்து வருடத்தில் இந்த இரண்டுக்கு வெளியே அவன் போனதில்லை. அப்படியிருக்கும்போதுதான், கடலூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வாரம் தவறாமல் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் ஜெயம்மாள், ஒரு நாள் கையில் பென்சிலால் எழுதிய சீட்டுடன் கடை ஏறினாள். புருஷன் தங்கதுரை எழுதிக் கொடுத்த சீட்டு. படகில் கரண்ட் குடிக்கும் சாமான் ஒவ்வொன்றின் பெயரும் அதில் இருந்தது. பழைய பேட்டரியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆசிட் ஒழுகிக் கால் வெந்துபோகிறது, எடை குறைவாக ஒன்று வேண்டும் என்றாள்.

கடல் படகு! தீனதயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒருமுறை கடலைப் பார்த்தவன், படகிலேயே பிறந்து வளர்ந்தவன் போலப் பேச ஆரம்பித்தான். உப்புக் காற்று, அலையின் அதிர்ச்சி, தண்ணீர் புகாத உறை என்று வாய் ஓடியது. ஜெயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கருவாடு வாங்குபவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலக் கேள்வி கேட்டாள்.

"பழசு தீரப் போவுதுன்னா லைட்டு மங்கும் தம்பி. மங்குச்சுன்னா பொழப்ப வுட்டுட்டு கரைக்குத் திருப்பிடுவாங்க. இதுல எப்படித் தெரியும்?"

"லித்தியம் மங்கவே மங்காதுக்கா. கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம்."

பெருமையாகத்தான் சொன்னான். பொய்யும் இல்லை. கடைசிக்கு அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்பதை அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற தீப்பெட்டி அளவு மீட்டர் ஒன்று உண்டு. அன்றைக்குக் கடையில் அது இல்லை. ஒரு வாரம் பொறுங்க என்று சொல்ல அவன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"சார்ஜரு?"

அங்கேதான் அவன் விழுந்தான். அந்த அளவு பேட்டரிக்கு ஏற்ற பெரிய சார்ஜர் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. அது கரியாலூர் அம்மாசியின் சோலார் பேட்டரிக்கு எடுத்துவைத்தது. அம்மாசி மறுநாள் மலையிறங்கி வருவான். தீனதயாளன் அலமாரியிலிருந்து ஸ்பிரேயர் சார்ஜர் ஒன்றை எடுத்தான். முனையை வெட்டி வேறு கிளிப் மாட்டினான். "ராத்திரி போட்டா காலைல ரெடிக்கா" என்றான். ஸ்பிரேயர்காரர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வாக்கியம், தானாக வாயிலிருந்து வழுக்கி வந்தது. ஸ்பிரேயர் பேட்டரி சொம்பு என்றால் இது அண்டா. ஒரு ராத்திரியில் கால்வாசிதான் ஏறும். தெரியும். அடுத்த சந்தைக்கு வருவாள், மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

அதைக்கூட மறந்துபோனது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் கழித்து ஜெயம்மாள் போன் செய்தாள். கடையில் கூட்டம். ஒரு நாள் தாமதமாக வந்த அம்மாசி, தன் பெரிய சார்ஜரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கடலூரிலிருந்து போட்டுக்காரங்க பேசுறாங்க என்று எல்லாரும் கேட்கட்டும் என்றே தீனதயாளன் ஸ்பீக்கரைப் போட்டான்.

"தம்பி, ராத்திரி பூரா போட்டும் சிவப்பு லைட்டே எரியுது. பச்சை வரமாட்டேங்குதுன்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு. அப்படியே எடுத்துகினு போலாமா?"

"தாராளமா போலாம்க்கா. லித்தியம் அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க."

போனை வைத்ததும் அம்மாசி மெதுவாகக் கேட்டான். "ஏன் சார், பச்சை வர்ற வரைக்கும் கழட்டாதன்னு எனக்குச் சொன்னீங்களே? அவங்களுக்கு மட்டும் வேறயா?"

"நீ கடலப் பாத்திருக்கியா அம்மாசி?"

"இல்ல சார்."

"அப்ப சும்மா இரு. மல வேற, கடல் வேற."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாசியும் சிரித்துக்கொண்டே சார்ஜரைத் துண்டில் சுற்றினான். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு போன் போட்டு, 'அக்கா, இன்னிக்குக் கடலுக்குப் போகாதீங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம்.

மீட்டர் 'பீப்' என்றது. தீனதயாளன் நிமிர்ந்தான்.

"பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலக்கா. நல்லா இருக்கு."

"அப்ப சார்ஜ் போடாததுதான். அதான?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. ஒரு சின்ன எதிர்பார்ப்புதான் இருந்தது. புருஷன் மேல் தப்பு இல்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்பது போல. தீனதயாளன் வாயைத் திறந்தான்.

"ம்" என்றான்.

பிறகு செய்ததுதான் இன்னும் கேவலம். உள்ளே போய்ப் புதிதாக வந்திருந்த பெரிய சார்ஜரையும் சின்ன மீட்டரையும் எடுத்துவந்தான். மீட்டரைப் பேட்டரியில் பொருத்தினான். "இதுல சீக்கிரம் ஏறும். காசு வேணாம்க்கா, வச்சுக்குங்க" என்றான். ஜெயம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. "எங்க தப்புக்கு நீ நஷ்டப்படுறியே சாமி" என்று சொல்லி, ஒரு பொட்டலம் நெத்திலியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். 

பேட்டரி டப்பாவின் அட்டை ஒன்றைக் கிழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தான். நிறைத்துக் கொடுத்தது அறுபது. ஒரு நாள் கடலுக்கு முப்பது செலவு. ஒரு ராத்திரி சார்ஜில் பதினைந்து வரவு. முதல் நாள் திரும்பும்போது முப்பது. இரண்டாம் நாள் திரும்பும்போது பதினைந்து. மூன்றாம் நாள் கரை ஏறும் முன் பூஜ்யம். நான்கு பேர் திசை தெரியாமல் நிற்கப்போகும் நேரம்வரை இந்த அட்டையில் அன்றைக்கே போட்டிருக்கலாம். தங்கதுரை ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. தவறாமல் போட்டும் அந்தக் கணக்கு இப்படித்தான் முடியும்.

வடக்கனந்தல் நாராயணசாமி ஸ்பிரேயரை இறக்கி வைத்தபடியே உள்ளே வந்தார்.

"இன்னாப்பா தீனா, சந்தையே உன் பேச்சாத்தான் கெடக்குது. கருவாட்டுக்காரம்மா ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிகினு இருக்கு. தப்பு அவங்க மேலயாம், நீ ஓசியா சார்ஜர் குடுத்தியாம். எனக்கும் ஒண்ணு குடேன், நானும் கும்பிடறேன்."

தீனதயாளன் ஷட்டரைப் பாதி இழுத்தான்.

"யோவ், என் பேட்டரி?"

"நாளைக்கு வாங்கண்ணே."

சந்தையில் வெயில் ஏறியிருந்தது. ஜெயம்மாள் மிஞ்சிய கருவாட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரிகளிடம், "தோ, இந்தத் தம்பிதான்" என்றாள்.

"இன்னா தம்பி, நெத்திலி பத்தலியா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்க வூட்டுக்காரர் மேல தப்பு இல்லக்கா." மூச்சு விடாமல் சொன்னான். "நான் குடுத்தது ஸ்பிரேயர் சார்ஜர். ஒரு ராத்திரி போட்டா கால்வாசிகூட சரியா ஏறாது. அவர் ஒழுங்காத்தான் போட்டிருக்காரு."

சாக்கை முறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"குடுக்கும்போதே தெரியும்."

"போன்ல கேட்டனே. சிவப்பு எரியுதுன்னு."

"அப்பவும் தெரியும்."

பக்கத்துக் கடைக்காரிகள் தராசைப் பார்த்தார்கள். ஜெயம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கின் வாயைக் கட்டினாள். ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவப் போவுது, கடக்காரரே?" அதுவரை தம்பி என்றவள். "பஸ்ஸு ரெண்டரைக்கு. ஏறுங்க."

ஏறினான். ஜெயம்மாள் பெண்கள் இருக்கையில் சார்ஜரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலடியில் பேட்டரி. இருக்கைகள் காலியான பிறகும் அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தான். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை மனதுக்குள் வாக்கியம் அமைத்தான். சரக்கு இல்லை, அதனால்தான். கூட்டத்தில் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் மாற்றலாம் என்றிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் அவன் தப்பு கொஞ்சம் இளைத்தது. நெய்வேலி வருவதற்குள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டான். மிஞ்சியது ஒன்றுதான்: தெரிஞ்சே குடுத்தேன்.

கரையில் வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. தங்கதுரை மணலில் குந்தி, வேறு யாருடைய வலையிலிருந்தோ மீன் கழற்றிக்கொண்டிருந்தார். தீனதயாளன் நினைத்ததைவிடச் சின்ன உருவம்.

"இவருக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் இரண்டடி தள்ளி நின்றாள்.

சொன்னான். ஸ்பிரேயர் சார்ஜர், போன், சிவப்பு லைட், இன்று காலையில் சொன்ன 'ம்' உள்பட. தங்கதுரை வேலையை நிறுத்தவில்லை. செவுளில் சிக்கிய வலை நரம்பைக் கட்டை விரலால் நெம்பி, மீனைக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"ராத்திரி ரெண்டு தபா எழுந்து பாத்தேன். சிவப்பாவே இருக்குதுன்னு சொன்னேன்ல?"

 ஜெயம்மாளின் முந்தானை நுனி அவள் வாயில் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சதத்தான நீங்க எனக்குச் சொல்றீங்க" என்றார் தங்கதுரை, இப்போது அவனிடம். குரலில் சூடே இல்லை. "என்ன எறக்கி வுட்டவனுங்க வரட்டும். அவனுங்ககிட்ட சொல்லுங்க. தோ வந்துகினு இருக்கானுங்க."

தீனதயாளன் கடலைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கங்க?"

"அந்த வெள்ளை நொரைக்கு அந்தாண்ட. நல்லா பாருங்க."

ஒரு கறுப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலைக்குப் பின்னால் இறங்கி இல்லாமல் போனது. அவன் மனதில் கட்டி வைத்திருந்த படகில் அறை இருந்தது, கூரை இருந்தது. இது அவன் கடையைவிடச் சிறியதாக இருக்கும் போலிருந்தது. அதன் மேல் ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்களா? புள்ளி மறுபடி தெரியும்வரை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் அரை மணி ஆவும்" என்றார் தங்கதுரை. வலையின் ஒரு முனையை அவன் பக்கம் தள்ளினார். "சும்மா நிக்காதீங்க. இதப் புடிங்க. இழுக்காம, தொங்கவும் வுடாம."

பிடித்தான். நரம்பு உள்ளங்கையை அறுத்தது. அவன் இழுக்கிறானோ தொங்கவிடுகிறானோ, தங்கதுரை திருத்தவில்லை. ஜெயம்மாள் பேட்டரியை மணலில் படாமல் கூடை மேல் தூக்கி வைத்தாள். அலைக்கு மேல் படகு எழும்பியது. அதில் மூன்று பேர். நின்றுகொண்டிருந்தார்கள். முகம் இன்னும் தெரியவில்லை.