நாலாவது பிளேயர்

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டுக்குப் பார்சல் வந்தால், அதில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். குற்றம் என்னுடையதல்ல. பார்சல்காரர் வரும் நேரத்தில் பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருப்பவள் நான் ஒருத்திதான். கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறவளுக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் உரிமைகூட இல்லையா?

பக்கத்து குவார்ட்டர்ஸ் மதிவாணன் மியூசிக் பிளேயர் வாங்குகிறார் என்று அப்படித்தான் தெரிந்தது. மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினின் ஆபரேட்டர் அவர். ரிட்டயர் ஆக ஒன்பது மாதம் இருந்தது. மனைவி தேவயானி இறந்து ஐந்து மாதம். இந்த நிலையில் மனிதருக்கு ஒரே மாதத்தில் மூன்று பிளேயர்! முதலாவது தீப்பெட்டி மாதிரி இருந்தது. இரண்டாவது கொஞ்சம் பெரிசு. மூன்றாவதைத் தூக்கினால் கை வலித்தது. மூன்றும் ஆளுக்கு இரண்டு நாள் அவர் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு, வந்த பெட்டியிலேயே திரும்பிப் போயின.

"பொண்டாட்டி போயி வருசம் திரும்பல, பாட்டு கேக்க ஆசை வந்துடுச்சு பாரேன்" என்று பின் வரிசை ஆதிலட்சுமியிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

மதிவாணனைப் பற்றி இப்படிப் பேச எங்களுக்குக் காரணம் இருந்தது. தேவயானிக்குப் போன வருஷமே வயிற்றில் வலி. பார்க்க ஆரம்பித்தபோது கட்டி முற்றிப்போயிருந்தது. காரியத்தன்று மகள் சரிதா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையாப்பா?"

"ஒரு வார்த்தை சொல்லலம்மா."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கிட்ட சொன்னாளே! வூட்டுக்காரருகிட்ட நாலு தடவ சொன்னேங்க்கா, காதுலயே வாங்கல, பேசாம பேப்பர் படிச்சிக்கினு இருந்தாருன்னு அழுதாளே!" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்று பெங்களூருக்குப் போன சரிதா, பிறகு அப்பாவுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

நான்காவது பிளேயரை நேரில் பார்த்தே வாங்குவது என்று அவர் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, எனக்கும் அங்கே அவசரமாக ஒரு வேலை வந்தது. என்ன வேலை என்பதை ஷேர் ஆட்டோவில் யோசித்துக்கொண்டேன்.

ரைஹானின் கடையில் செல்போனும் ஹெட்போனும்தான் சரக்கு. இப்படி உயர்ந்த பிளேயர் ஒன்றிரண்டு, பாட்டுப் பைத்தியங்களுக்காக வைத்திருந்தான். மூன்றைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே மதிவாணன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார் மூணையும் திருப்பினீங்க? மூணும் நல்ல செட்டாச்சே" என்றான் ரைஹான்.

"ராகம் வருதுப்பா, வார்த்தை வரல." சட்டைப்பையிலிருந்து தேவயானியின் போனை எடுத்தார். "பேரப்புள்ளைக்கு அனுப்பணும்னு எங்க வூட்டம்மா தாலாட்டு பாடி வச்சிருக்கா. நடுவுல ஏதோ பேசியும் இருக்கா. எங்கிட்டதான் பேசறா, 'என்னாங்க'ன்னு ஆரம்பிக்கிற மாதிரி இருக்குது. அதுக்கு மேல புரியல. அவ என்னா சொன்னான்னு கேக்கணும்ப்பா. அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

பாடுவதைப் பதிவு செய்ய அவளுக்கு அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் இது எனக்கும் புதுச் செய்தி.

"பதிவு போன்ல ஆனது சார். செட்டு எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும், பதிவுல இருக்கறதுதான் வரும்."

"அவ வாயத் தொறந்து பேசியிருக்கா இல்ல? அப்ப பதிவுல இருக்குது. நீ நல்ல செட்டா காட்டு."

ரைஹான் கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்தான். உள்ளே ஒலிக்கென்றே தனியாக இரண்டு சிப் என்றான். ப்ளூடூத் வேண்டாம், ஒயர் ஹெட்போன்தான் இதற்குச் சரி என்றான். பதிவுகளை மெமரி கார்டில் ஏற்றி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான். மதிவாணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"கொஞ்சம் தேவல. வார்த்தை இன்னும் வரல."

"எங்க, நான் கேக்குறேன்" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டேன்.

தேவயானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வளையல் சத்தம், பலாச்சுளையிலிருந்து கொட்டை எடுத்துக் கிண்ணத்தில் போடும் சத்தம், பாட்டின் ஒவ்வொரு எழுத்து, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நிமிர்ந்தேன். ரைஹான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு வரும் இடத்துக்குப் போவதற்குள் ஹெட்போனை வாங்கிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவ டாக்டர்கிட்ட காதை..."

அவர் கவனிக்கவில்லை. ரைஹான் குரலை உயர்த்தி மறுபடி சொன்னான்.

"என் காதா?" மதிவாணன் சிரித்தார். "வருசா வருசம் மெடிக்கல்ல 'ஃபிட்'டுன்னு எழுதிக் குடுக்குறாங்கப்பா. முப்பத்திரெண்டு வருசமா!"

அந்த 'ஃபிட்' வந்த கதை எனக்குத் தெரியும். ஒருமுறை அவரே பெருமையாகச் சொன்னதுதான். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். "பட்டன அமுக்கும்போது டெஸ்ட் எடுக்கற பொண்ணு தோள் அசையும்க்கா. அசஞ்சா நான் கையத் தூக்கிருவேன்." காது போய்விட்டது என்று எழுதினால் மெஷினிலிருந்து இறக்கி லைட் டியூட்டியில் போட்டுவிடுவார்களாம். ஃபைல் தூக்கிக்கொண்டு நடப்பது ஆபரேட்டருக்கு அவமானமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நானும் சிரித்தேன். வருஷம் போகப்போக, ஊரை ஏமாற்ற வாங்கிய சீட்டை அவரே நம்பிவிட்டிருந்தார்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ரைஹான் பிளேயரைக் கொடுத்தனுப்பினான். ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் தெருவே கேட்க டிவி வைப்பதைத் திமிர் என்று சொன்னவள் நான். என் பேச்சு மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டதென்றால், நான் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தேவயானி பேசினால் பக்கத்தில் இருப்பவளே குனிந்து கேட்க வேண்டும்.

மறுநாள் சாயந்திரம் மதிவாணன் பிளேயரோடு என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் சவரம் இல்லை.

"யக்கா, அந்த எடத்த மட்டும் கேட்டு சொல்லு. செட்டு தெளிவா இருக்கா, திருப்பிடலாமா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். தாலாட்டு ஓடியது, நின்றது. பிறகு தேவயானி சொன்னாள். யாரோ பேப்பர் புரட்டும் சத்தம். ஒரு நிமிஷம்வரை அவள் காத்திருந்தாள். வேறு எதுவும் இல்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினாள்.

"தெளிவா இல்ல தம்பி" என்றேன். "இதுவும் சரியில்ல. திருப்பிடு."

என் வாழ்நாளில் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலை, சரியாக வரவில்லை.

"தெளிவா இல்லாததுக்கு ஏன்க்கா அழுவுற?"

நான் முந்தானையைத் தேடினேன்.

"என்னா சொல்றா?"

மெதுவாகச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார். தலையைச் சாய்த்து, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"கேக்கலக்கா."

இன்னொரு முறை சொன்னேன்.

"சத்தமா சொல்லேன்!"

மூன்றாவது முறை கத்தினேன். "என்னாங்க, இன்னிக்கும் வயிறு வலிக்குதுங்க! ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயி வரலாமாங்க! அதான் சொல்றா!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பின் வரிசையில் ஆதிலட்சுமி வெளியே வந்து நின்றாள். மதிவாணன் யாரையும் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்காமலே நின்றார்.

"அப்ப நான் எங்க இருந்தேன்? ட்யூட்டியிலயா?"

பேப்பர் சத்தத்தை நான் சொல்லவில்லை. "தெரியல தம்பி" என்றேன்.

அவர் பிளேயரின் திரையைப் பார்த்தார். பதிவின் தேதி அதில் இருந்தது. விரலால் ஏதோ எண்ணினார். "அன்னிக்கு எனக்கு வீக்லி ஆஃப். வூட்லதான் இருந்தேன்" என்றார். என் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ரைஹான் போன் செய்தான். போனை என்னிடம் நீட்டினார்.

"சாருக்கு எப்படிங்கம்மா, புடிச்சிருக்கா? இல்லன்னா நாளைக்கு எடுத்தாந்துடச் சொல்லுங்க. வேற ஒண்ணு வரவழைக்கிறேன்."

கேட்டதை அவர் காதருகே போய்ச் சொன்னேன். அவர் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிக்கல் விழாமல், ஒரே அளவாக, மெதுவாக.

"வச்சிக்கிறேன்னு சொல்லுக்கா. செட்டுல ஒரு கொறையும் இல்ல."