பத்தொன்பது முகமும் ஒரு காலிக் கட்டமும்

முழங்கை வரை நிறம் நிறமாகப் பூசிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூடத் தோலோடு சேரவில்லை. பலகையில் பத்தொன்பது பாஸ்போர்ட் அளவு போட்டோக்களைத் துணியும் நூலுமாகச் சேர்த்து ஒட்டியிருந்தாள். பத்தொன்பதும் அவள் மூஞ்சிதான். வெள்ளைக்கார அப்பாவோடு போய் எடுத்ததில் வெளுத்திருந்தாள், அம்மாவோடு போய் எடுத்ததில் கறுத்திருந்தாள். கேட்காமலே போட்டோவில் நிறத்தை மாற்றிவிடுகிற ஸ்டூடியோக்காரர்களின் மானத்தை வாங்கத்தான் இத்தனை பாடும். நடுவில் ஒரு கட்டம் காலி. அங்கே அவளுடைய சொந்த நிறம் வரவேண்டும். நாலு நாளாக வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எரிச்சலில் இரண்டு பிரஷ்ஷை உடைத்தும் ஆயிற்று. கண்காட்சிக்கு ஏற்றிப்போகும் வேன் வேறு கீழே வந்து நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பலகையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இதையெல்லாம் எதுக்குடி ஊருக்குக் காட்டற?"

"காட்டத்தான் போறேன். யாரக் கேட்டு என் மூஞ்சில கை வச்சானுங்க?"

அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கறுப்பா இருக்கறதெல்லாம் நான் சொல்லித்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"ஸ்கூல்ல உன்னக் கூட்டிட்டு வரப் போனா, ஆயாவான்னு கேப்பாங்க. அப்பாவ வரச் சொல்லுன்னு ஒருநாள் உன்ன அனுப்பவே இல்ல. அப்புறம் கூட்டிட்டுப் போறவங்களுக்குன்னு அடையாள அட்டை குடுத்தாங்க, நம்ம ரெண்டு பேர் போட்டோவும் பக்கத்துல பக்கத்துல. உன்னக் கொஞ்சம் கறுப்பாக்கிக் குடுங்கன்னு ஸ்டூடியோவுல நாந்தான் கேட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"அப்பாவும் சொன்னாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? அவரப் பாத்ததும் ஸ்டூடியோக்காரனே உன்ன வெளுப்பாக்கிக் குடுத்துடுவான்."

இத்தனை வருடம் யார் யார்மீதோ சேர்த்துவைத்த கோபம். இப்போது அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அம்மாமீது கொட்டவும் மனசு வரவில்லை, விடவும் வரவில்லை.

"அந்த அட்டை இருக்கா?"

அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஓரம் நைந்த அட்டை. அதில் இரண்டு முகமும் ஒரே நிறம். யார் பார்த்தாலும் தாயும் மகளும் என்று சொல்லிவிடுவார்கள்.

"குடும்மா. நடுவுல இதத்தான் ஒட்டணும்."

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"இது மட்டும் கேக்காத," என்றாள் அம்மா. அட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். நிறம் காய்ந்துகொண்டிருந்த கையை மகள் இன்னும் நீட்டியபடியே நின்றாள்.