இரண்டு துளைப் பொத்தான்

தன் தையல்கடையில் தங்கையிடம் துணிக்கட்டைத் தூக்கச் சொன்னதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. "சும்மாதான் உட்கார்ந்திருந்தா, அப்படியே கால் விழுந்திருச்சு" என்றாள் மருத்துவமனையில். கட்டிலில் கிடந்த தங்கை அவளையே பார்த்தாள்.

நடந்தது வேறு. "உடம்பு அலுங்காம வேலை பார்க்கவா வந்தே? தூக்குடி மகாராணி" என்றாள் அக்கா. தங்கை தூக்கினாள். முதுகில் கடப்பாறை இறங்கினாற்போல் இருக்கிறதென்று உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் இரண்டு காலும் அசையவில்லை.

அன்றே எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம்" என்றார்கள். அக்கா புருஷன், "உன் தங்கச்சிக்கு நடிப்பு நல்லா வருது" என்றான். அது நடிப்பாகவே இருந்துவிடக் கூடாதா என்று அக்காவும் ஏங்கினாள். நடிப்பென்றால் எழுந்துவிடுவாளே.

மூன்றாம் நாள் நரம்பு டாக்டரம்மா வந்தார். கவட்டை போன்ற இரும்புக் கருவியைத் தட்டி, அது அதிர அதிரக் கணுக்காலில் வைத்தார்.

"அதிருதா?"

"அதிருது."

ஐஸ் போட்ட குழாயை வைத்தார். "இது?"

"ஏதோ தொடுது. சில்லுன்னு இல்ல."

குண்டூசி படுவது தெரிந்தது; குத்துவது தெரியவில்லை.

"இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு யாரும் நடிக்க மாட்டாங்க" என்றவர் அக்காவிடம் திரும்பினார். "இது வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தா?"

தங்கை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கட்டு தூக்கினா. நான்தான் தூக்க வச்சேன்."

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத்தின் குறுக்குவெட்டில், இருட்டுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். கண்கள் போல.

"முன்பக்க ரத்தக்குழாய் அடைச்சு, ரத்தம் போகாம அந்த இடம் செத்திருக்கு. முதல் நாள் படத்துல தெரியாமப் போறது உண்டு."

"அந்தக் கட்டுனாலயா?"

"இதயம், பெரிய ரத்தக்குழாய், ரத்தம் உறையிற கோளாறு எல்லாம் பார்க்கணும். பாரம் தூக்கறப்ப முதுகெலும்பு நடுவுல இருக்கிற ஜவ்வுத் துணுக்கு குழாய்க்குள்ள போய் அடைக்கிறதும் உண்டு. அதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது."

கடையில் இரண்டு துளைப் பொத்தான்கள் அக்காவையே பார்த்தன. அவற்றை டப்பாவில் போட்டு மூடினாள். நாலு துளைப் பொத்தான் வாங்கி வந்தாள். அவை ஜோடி ஜோடியாகப் பார்த்தன.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனாள். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து, தங்கையின் பாதத்தில் அழுத்தி வைத்தாள்.

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. "அக்காதானே?"

"ஆமாடி. தெரியுதா?"

"தெரியுது. செத்தவங்க கை மாதிரி இருக்கு."

அக்கா கையை எடுக்கவில்லை.